சந்தேகக் குஞ்சுகள்

அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்தவர்கள் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்தான். மற்றபடி அவள் கோர்ட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. பிறந்து ஒரு நாள் ஆகாத கோழிக்குஞ்சை இடது கையில் எடுப்பாள். வயிற்றை லேசாக அழுத்தி எச்சத்தைத் தகரக் குவளைக்குள் பீய்ச்சிவிடுவாள். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மலர்த்தி, விளக்குக்கு நேரே பிடித்து ஒரு பார்வை. அவ்வளவுதான் விசாரணை. பெட்டையென்றால் இடப்பக்கத்துப் பெட்டி. சேவலென்றால் மேசையின் வலப்பக்கத்தில் வெட்டியிருக்கும் வட்டத் துளை. அப்பீல் கிடையாது.

அந்தப் பொரிப்பகத்தில் முட்டைக்கோழி இனம்தான் பொரித்தார்கள். பெட்டைகளைப் பண்ணைக்காரர்கள் வண்டி வைத்து ஏற்றிப் போவார்கள். அந்த இனத்துச் சேவலுக்குச் சதை பிடிக்காது, முட்டையோ கேட்கவே வேண்டாம். தின்கிற தீனிக்குக் கேடு. துளைக்குக் கீழே ஒரு குழாய். குழாய்க்கு அந்தப் பக்கம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஓசை மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துபோனதால் யாருக்கும் தனியாகக் கேட்பதில்லை.

"துளைக்கு அப்புறம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்பார் மாமா. மேசையில் மூத்தவர் அவர். ஒருவருக்கும் உறவில்லை, எல்லோருக்கும் மாமா.

மூன்றாவது ஆள் வாயாடி. முகமூடிக்குள்ளிருந்தே ஓயாமல் பேசுவாள். ஆள் கிடைக்காவிட்டால் குஞ்சுகளோடு. "வாடி என் ராசாத்தி, போய் நல்லா முட்டை போடு. நீ எங்கடா கண்ணு வந்த, உன்னை யாருடா கூப்பிட்டா?" பேச்சு எவ்வளவு வேகமோ கையும் அவ்வளவு வேகம்.

அவர்கள் தேடுவது கடுகில் பாதி இருக்கும் ஒரு மேட்டை. சேவலுக்கு அது பளபளவென்று உருண்டு நிற்கும், விரல் பட்டாலும் அமுங்காது. பெட்டைக்கு அது இருக்காது; இருந்தாலும் விரல் பட்டதும் தொய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில குஞ்சுகள் பிறக்கும். நிற்கிற மாதிரியும் இருக்கும், தொய்கிற மாதிரியும் இருக்கும். மேசையில் அவற்றுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். "காலையிலேர்ந்து எனக்குச் சந்தேகமாவே வந்து மாட்டுது" என்று மாமா அலுத்துக்கொள்வார்.

வாயாடி தன் சந்தேகங்களையெல்லாம் இடப்பக்கம்தான் போடுவாள். "சந்தேகத்தோட பலன் குஞ்சுக்கு. சட்டமே அப்படித்தானே ஜட்ஜம்மா?"

"நீ வாய மூடிட்டுக் கண்ணத் திறந்து வச்சுப் பாரு. சந்தேகம் வராது" என்பாள் ஜட்ஜம்மா. அது வெறும் அதட்டல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் வராது. அந்த மேசையில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அதனால் வந்தது.

அப்படியிருந்தவள் ஒரு நாள் கால்விரல் வளைந்த ஒரு குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளே பெட்டையென்று இடப்பக்கம் போட்டதுதான். விரல் வளைந்திருந்ததால் பெட்டி கட்டுகிறவர்கள் கழித்துவிட்டார்கள். வாயாடி சாப்பாட்டுப் பையில் துணியைச் சுருட்டிக் கொடுக்க, அதற்குள் வைத்து எடுத்துவந்து மகளிடம் கொடுத்தாள். மகள் இரண்டாம் வகுப்பு. குஞ்சு தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்க கிளாஸ் டீச்சர் மாதிரியே முறைக்குதும்மா!"

அன்றிலிருந்து அதற்கு டீச்சர் என்று பேர்.

"டீச்சர் பொண்ணுதானே?"

"பொண்ணுதான். உங்கம்மா பாத்தா பாத்ததுதான். பெரிசானா தினம் உனக்கு ஒரு முட்டை."

அவள் புருஷன் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் மிக்சியையும் இஸ்திரிப் பெட்டியையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். வேலை வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. உலை கொதிப்பது அவள் போகிற வேலையால்தான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு அட்டைப் பெட்டிக்குக் கதவு வைத்து, உள்ளே பல்பு மாட்டி, டீச்சருக்கு வீடு கட்டிக்கொடுத்தான் அவன். பல்பு சூட்டில் டீச்சர் வளர்ந்தது. மஞ்சள் உதிர்ந்து வெள்ளை வந்தது.

முதலில் கவனித்தது அவன்தான்.

"இங்க பாரேன், இதுக்குக் கொண்டை இவ்வளவு செவப்பா இருக்கே."

"இந்த ஜாதிப் பெட்டைக்குக் கொண்டை பெரிசாத்தாங்க இருக்கும்."

"இந்த வயசுலயேவா?"

"நானு கோழி பாக்கறவ. நீங்க மிக்சியப் பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் அன்று சாயங்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குஞ்சாயிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். வளர்ந்த கோழிக்கு அவளுடைய வித்தை செல்லாது. அங்கே அவளும் ஊரோடு ஒருத்திதான். கொண்டை சிவக்கிறதா, கால் தடிக்கிறதா என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த வாரமே சூப்பர்வைசர் மேசைக்கு வந்து நின்றார். எங்கே வந்தாலும் முன்னால் ஒரு சீட்டி ஒலி வரும். அன்றைக்கு அது வரவில்லை.

"ஒரு பண்ணையிலேர்ந்து கம்ப்ளெயின்ட். பெட்டைன்னு வாங்கின கூட்டத்துல ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல, கொத்துக் கொத்தா கொண்டை சிவக்குதாம். யார் கைன்னு இப்ப கண்டுபிடிக்க முடியாது. இனிமே முடியும். அவங்கவங்க பெட்டிக்கு அவங்கவங்க கலர்ல சீட்டு. ஜட்ஜம்மாவுக்குப் பச்சை, மாமாவுக்கு நீலம், வாயாடி உனக்கு மஞ்சள்."

"எனக்கு மஞ்சள் ஒத்துக்காது சார், நான் கறுப்பு."

எந்த வாரத்துக் கூட்டம் என்று மாமா கேட்டார். சூப்பர்வைசர் சொன்னார். ஜட்ஜம்மாவின் கையில் ஒரு குஞ்சு கீச்சிட்டது, அழுத்திப் பிடித்துவிட்டிருந்தாள். டீச்சரைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோன வாரம் அது.

அவர் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். குஞ்சை விளக்கடியில் பிடித்து, முகமூடியைச் சரிசெய்வதுபோல வலது கண்ணை மூடினாள். பல்பைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம். குஞ்சு தெரிந்தது, தன் விரல் தெரிந்தது. பார்க்க வேண்டிய இடம் மட்டும் தண்ணீரில் விழுந்த எழுத்தாகக் கலைந்து கிடந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தாள். எல்லாம் தெளிவு, ஆனால் எல்லாமே தட்டை. ஒற்றைக் கண்ணுக்கு நிறம் தெரியும், மேடு தெரியாது. இத்தனை நாளும் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதாக நினைத்து ஒன்றாலேயே பார்த்திருக்கிறாள்.

கண் ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"கண்ணாடி போட்டுச் சரிபண்ற விஷயம் இல்லம்மா. உள்ள பின்பக்கத்து நரம்பு கெட்டிருக்கு. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்திக்கலாம். அதான் இன்னொரு கண்ணு நல்லா இருக்கே. என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்லதான் சார்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல."

சொட்டு மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் அறுந்த பொத்தானைச் சட்டையில் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்தானின் துளை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உலகத்தில் எல்லாமே அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, கடுகில் பாதியைத் தவிர. அந்தப் பாதிக் கடுகில்தான் வீட்டு வாடகையும், புருஷனின் மாத்திரையும், மகளின் பள்ளிக்கூடமும் உட்கார்ந்திருந்தன.

மறுநாளிலிருந்து அவளுக்குச் சந்தேகங்கள் வரத் தொடங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல. கூடைக்குக் கூடை.

எங்கே போடுவது? இடப்பக்கம் போட்டு, அது சேவலாகிவிட்டால் பச்சைச் சீட்டோடு திரும்பி வரும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த ஒரு குஞ்சை வலப்பக்கத் துளை தானாகவே வாங்கிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பெட்டிக்குப் போன தப்பு வளரும், கொண்டை சிவக்கும், கூவும், பண்ணைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டும். துளைக்குப் போன தப்பு எங்கேயும் திரும்பி வராது. சேவலென்று தள்ளிய பெட்டை எந்தப் பண்ணையில் போய்ப் புகார் சொல்லும்?

சந்தேகமென்றால் வலப்பக்கம். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மாமாவின் கையும் அப்படித்தான் சாய்கிறது என்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். பேசிவைத்துக்கொள்ளாமலே இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து இயந்திரம் அவளுக்கு இப்போது தனியாகக் கேட்டது.

வாயாடி மட்டும் பழையபடியே. "பொழச்சுப் போடி. சேவலா இருந்தா எனக்கு மஞ்சச் சீட்டு, உனக்கு ரெண்டு மாசம் தீனி. எனக்கென்ன நஷ்டம்?"

"ஏண்டி, விளையாட்டா இது?" என்றாள் ஜட்ஜம்மா. "கொஞ்சம் பாத்துப் போடு."

"பாத்துட்டுத்தான்க்கா போடறேன். பாத்தும் தெரியாததத்தான் இந்தப் பக்கம் போடறேன்."

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூவியது. முதல் கூவல்; துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி பாதியில் உடைந்துபோனது. முன்னறையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி மிக்சிக்குள் குனிந்துகொண்டான். கிண்டல் பண்ணியிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்கு ஏசித் தீர்த்திருப்பாள்.

மகள்தான் ஓடிவந்தாள். "அம்மா, டீச்சர் சேவல் மாதிரி கத்துது!"

"சில பெட்டை அப்படிக் கத்தும்" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நான் சொன்னேன்ல?" என்று மகள் அப்பாவிடம் திரும்பினாள். "அம்மா சொன்னா அது பெட்டைதான்."

அன்றைக்கென்று பார்த்து வாயாடி வந்து சேர்ந்தாள், பழுதான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. பின்கட்டில் கம்பீரமாக நடந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"அக்கா, இது டீச்சர் இல்ல. ஹெட்மாஸ்டர்!"

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சேவலின் வளைந்த விரலைப் பார்த்தாள். அது எந்த வாரத்துக் குஞ்சு என்பது அவளுக்கும் தெரியும். பையில் துணி சுருட்டிக் கொடுத்தவளே அவள்தான். ஜட்ஜம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு சரியில்லையாக்கா?"

ஜட்ஜம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"என் வாய் ஓட்டைவாய்னு ஊரே சொல்லும்" என்றாள் வாயாடி, குரலைத் தாழ்த்தி. "இது அதுல ஒழுகாது. போதுமா?"

கலர் சீட்டு ஒட்டிய பெட்டிகள் பண்ணைகளுக்குப் போய், பறவைகளுக்குக் கொண்டை முளைக்கிற காலம் வந்தது. சூப்பர்வைசர் இந்த முறை சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

"பச்சையில ஒரு சேவல்கூட இல்லன்னு சொல்றாங்க. ஒண்ணுகூட! ஜட்ஜம்மா, இந்த வயசுல உங்க கண்ணுக்குச் சுத்திப் போடணும்." அப்புறம் வாயாடியின் பக்கம் திரும்பினார். "உன்னுதுலதான் இருக்கு. நான் என்ன பண்ண? மேல கேக்கறாங்க. ஒண்ணு செய்வோம். இன்னிக்கு நீ போட்ட பெட்டிய ஜட்ஜம்மா ஒருதரம் பாக்கட்டும். தப்பு ஒண்ணும் இல்லன்னா நானே மேல பேசறேன்."

"பாக்கட்டும் சார். அக்காதானே" என்றாள் வாயாடி. பயப்படவே இல்லை அவள்.

முடியாது, எனக்குக் கண் போய்விட்டது என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் மாமா தொண்டையைக் கனைத்தார், மேலே விசிறி சுற்றியது, பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டார்கள்.

முதல் குஞ்சு பெட்டை. சந்தேகமில்லை. அடுத்ததும் பெட்டை. வாயாடியின் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பெட்டி பாதி காலியாகி, மூச்சு கொஞ்சம் சீராக வந்த சமயத்தில் அந்தக் குஞ்சு கைக்கு வந்தது. மலர்த்தினாள். ஒரு மினுக்கம். ஈரமா, மேடா? விளக்கைக் கீழே இழுத்தாள். விரலால் தொட்டாள். அமுங்கிய மாதிரியும் இருந்தது, அமுங்காத மாதிரியும் இருந்தது. அமுங்கியது தன் விரலா, குஞ்சின் உடம்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

"என்ன ஜட்ஜம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

ஒரு வார்த்தை. 'தெரியல.' அந்த ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் அவள் சொல்லாத வார்த்தை.

"சேவல்" என்றாள்.

சொல்லி முடிக்குமுன் கை தன் வழக்கப்படி வலப்பக்கம் போய்விட்டது. யோசித்துச் செய்ததில்லை. இத்தனை நாளாகச் சந்தேகம் போகிற வழி அதுதானே.

வாயாடி எழுந்துவிட்டாள். "காட்டுங்கக்கா, நான் ஒருதரம்..." துளையைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. "எதுக்குக்கா போட்டீங்க? கையிலயே வச்சிருந்திருக்கலாமே. வளத்துப் பாத்திருக்கலாமே."

"ஜட்ஜம்மா சொன்னா சொன்னதுதாம்மா" என்றார் சூப்பர்வைசர், கொஞ்சம் வருத்தத்தோடுதான். "நாளையிலேர்ந்து நீ தட்டு கழுவற பக்கம் போ. வேலையை விட்டு அனுப்பலையே, அந்த மட்டும் சந்தோஷப்படு."

வாயாடி வாயைத் திறந்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று ஜட்ஜம்மா நினைத்தாள். சொல்லட்டும், சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தாள். 'அவங்க வீட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். வாயாடி அவளையே பார்த்தாள். பிறகு முகமூடியைக் காதிலிருந்து கழற்றி, நான்காக மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

தட்டு கழுவுகிற இடம் தாழ்வாரத்துக் கடைசியில். பொரிந்து முடிந்த தட்டுகளில் ஒட்டிய ஓடும் சவ்வும் போக, கொதிநீர் அடித்துத் தேய்க்க வேண்டும். ஜட்ஜம்மா தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள். ஆவிக்குள் ரப்பர் பூட்ஸும் முதுகும் தெரியும். பேச்சுச் சத்தம் கேட்காது. இரண்டு தடவை நின்று பார்த்தாள். மூன்றாம் தடவை வாயாடியே திரும்பி, "என்னக்கா, சாப்டாச்சா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஆச்சுடி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை.

மேசையில் வாயாடியின் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுக்குச் சந்தேகமான குஞ்சுகளை ஜட்ஜம்மாவிடம் நீட்டும்படி சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவளும் மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினாள். ஜட்ஜம்மா வாங்கி, விளக்கடியில் பிடித்து, பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வீட்டில் டீச்சர் நன்றாகவே கூவப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் விடிகாலையில் ஜன்னலைச் சாத்தும் ஓசை தினம் கேட்கும். "யாருக்காவது குடுத்துடலாமா?" என்று புருஷன் மெதுவாகக் கேட்டான். "உனக்கு வேணாம்னா இருக்கட்டும்" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். கண் சொட்டு மருந்துக் குப்பியை அவன் என்றைக்கோ பார்த்திருந்தான். தீரப்போகிறது என்று தெரிந்த அன்றே இன்னொன்று வாங்கி அலமாரியில் வைத்தான், அதே இடத்தில்.

மகள் காலையில் பல் தேய்க்கும்முன் அட்டைப் பெட்டிக்குள் தலையை நுழைத்து வைக்கோலைக் கிளறுவாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறாள், முட்டை வந்ததும் எல்லாருக்கும் காட்டுவதாக. பையன்கள் கேலி செய்கிறார்கள். சேவல் முட்டையிடுமா என்று ஒருவன் பாட்டே கட்டிவிட்டான். இவள் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தாள், முழங்கையில் சிராய்ப்போடு.

"எங்கம்மா கம்பெனியிலயே நம்பர் ஒன்னுன்னு சொன்னேன். அவனோட அம்மாவுக்கு என்ன தெரியும்?"

ஜட்ஜம்மா சிராய்ப்பைக் கழுவிவிட்டாள். சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். அம்மா அன்றைக்குத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நாலே வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தை இந்தப் பின்கட்டோடு நிற்காது. மகள் பள்ளியில் சொல்வாள், பள்ளியிலிருந்து தெருவுக்கு வரும், தெருவில் பாதிப் பேர் பொரிப்பகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

"அம்மா, நீ இன்னொருதரம் பாத்துச் சொல்லேன். டீச்சர் பொண்ணுதானே?"

மறுபேச்சுக்கு இடமில்லாமல் மகள் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் நெஞ்சை மறைத்துக்கொண்டு அது திமிறியது. அரிவாள் போல வளைந்து சிவந்த கொண்டை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஜட்ஜம்மா கையை நீட்டி வாங்கினாள். பழக்கதோஷத்தில் இடது கை அதன் வயிற்றுக்கு அடியில் போய், தலைகீழாகத் திருப்பப் பார்த்தது. கைக்கு அடங்கவில்லை. இறக்கை முகத்தில் அடித்தது.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்றாள் மகள், அவள் முந்தானையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டே. "அங்க நல்லாத் தெரியும்."